கடைசித் தேர்வை மாற்றுவது எப்படி? மொழி வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற முதல் நிலையை முடித்த மாணவி ஒருவர். எழுத்துத் தேர்வில் 100க்கு 91. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டி, டாஸ் எதிலும் பிசகில்லை. அடுத்த வாரம் எங்கள் வகுப்புக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். அந்த மாணவியைப் பார்த்து, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அவர்கள் ஊரில் பேசும் வேகத்தில் கேட்டார். பாடப்புத்தகத்தில் இரண்டாம் பாடத்திலேயே வரும் கேள்விதான். மாணவிக்குப் பிடிபடவில்லை. அதைக்கூட விடுங்கள். "வீ பிட்டெ?" என்று, அதாவது "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒரு நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காகத்தான் படிக்கிறார்.

அந்த 91ஐப் போட்டது நான். கேள்வித்தாளை எழுதியதும் நான்தான். அவர் நான் கேட்டதை எல்லாம் சரியாகவே செய்திருந்தார். நான் கேட்டதுதான் தப்பு.

அதற்குப் பிறகு என் மாலை வகுப்புகளில் கடைசித் தேர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். எதைச் செய்தேன், எதில் சறுக்கினேன், எது நின்றது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் ஜெர்மன் வகுப்பிலிருந்து வந்தவை. பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானியம் எடுப்பவர்கள் ஊர்ப் பெயரையும் காசையும் மாற்றிக்கொண்டால் போதும்.

தொடங்குமுன் உங்கள் கேள்வித்தாளுக்கு ஒரு சோதனை

இப்போது வைத்திருக்கும் கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அது மாணவர்கள் கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு கெட்டுப்போகுமா?

கோடிட்ட இடம், பொருத்துக, இந்த வாக்கியத்தை இறந்தகாலத்துக்கு மாற்றுக என்று இருந்தால் கட்டாயம் கெட்டுப்போகும். விடையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஆனால் "மருந்துக் கடைக்குப் போய் உங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்லி மருந்து வாங்குங்கள், கடைக்காரர் என்ன சொல்வார் என்பது அன்றைக்குத்தான் தெரியும்" என்பது கேள்வி என்றால்? ஒரு மாதம் முன்பே சுவரில் ஒட்டிவைக்கலாம். அதற்குத் தயாராவது என்றால் பேசிப் பழகுவதுதான். நமக்கு வேண்டியதும் அதுவே.

முன்கூட்டியே தெரிந்தாலும் பாழாகாத தேர்வு. நான் தேடுவது இதைத்தான். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தச் சோதனையை வைத்துத்தான் முடிவெடுத்திருக்கிறேன்.

முதல் படி: முடிவில் என்ன செய்ய முடிய வேண்டும்?

தேர்வை யோசிப்பதற்கு முன் ஆறு வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் "முடியும்" என்று முடிய வேண்டும். கவுன்சில் ஆஃப் யூரோப் அமைப்பு 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை இப்படித்தான் விளக்குகிறது. மாணவர் என்ன படித்திருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, அவரால் மொழியை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறது.

"பெர்ஃபெக்ட் காலம் (பேச்சில் வரும் இறந்தகால வடிவம்) தெரியும்" என்று எழுதாதீர்கள். "நேற்று என்ன செய்தேன் என்று நாலைந்து வாக்கியத்தில் சொல்ல முடியும்" என்று எழுதுங்கள். முதலாவதற்குக் கோடிட்ட இடம் வைக்கத் தோன்றும். இரண்டாவதற்கு ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்தால்தான் விடை கிடைக்கும்.

என் ஏ2 பட்டியலில் இருப்பவை: உடம்புக்கு என்ன என்று சொல்லி உதவி கேட்க முடியும். வாடகை வீட்டு விளம்பரத்தைப் படித்து விலை, இடம், நிபந்தனை ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். நேரம் குறித்துக்கொள்ளவும் மாற்றவும் முடியும். கருத்து வேறுபட்டால் காரணம் சொல்ல முடியும். சின்ன மின்னஞ்சல் எழுத முடியும்.

ஆறாவது எல்லா நிலைகளுக்கும் பொதுவானது, நான் எந்த பேட்சுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை: புரியாதபோது, புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியும். "நோஹ் ஐன்மால், பிட்டெ" (இன்னொரு தடவை, தயவுசெய்து), "லாங்ஸாம், பிட்டெ" (மெதுவாக, தயவுசெய்து) என்ற இரண்டு சின்னத் தொடர்கள் போதும். மருத்துவமனையில் நோயாளி "மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்" என்கிறார். தலை சுற்றுகிறது என்று அர்த்தம். அந்தச் சொல் தெரியாத நர்ஸ் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனால் ஆபத்து. திரும்பக் கேட்கத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார், நோயாளியும் பிழைப்பார்.

இரண்டாம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

அட்டை உரையாடல், மூன்று பகுதி வேலை, கோப்பு என்று நான் வைப்பது மூன்று வடிவங்கள். ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் அட்டை உரையாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் மூன்று பகுதி வேலை. கோப்பு எதனோடும் சேரும்.

*அட்டை உரையாடல்.* இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். ஆளுக்கொரு அட்டை. ஒருவர் அட்டையில் இருப்பது மற்றவருக்குத் தெரியக்கூடாது. இந்த ஒரு விதியை விட்டால் ரோல் பிளே நாடக ஒத்திகை ஆகிவிடும். முதல் வருடம் நான் செய்த தவறு இதுதான். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன். வீட்டிலேயே வசனம் எழுதி மனப்பாடம் செய்து, ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது கொடுப்பது இப்படி இருக்கும். முதல் அட்டை: "நேற்றிலிருந்து தலைவலி. மருந்துக் கடைக்கு வந்திருக்கிறீர்கள். மாத்திரை வேண்டும். ஒரு மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கையில் 10 யூரோ." இரண்டாம் அட்டை: "நீங்கள் கடைக்காரர். எவ்வளவு நாளாக, வேறு மருந்து எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று 4 யூரோ, இன்னொன்று 12. மலிவானது தூக்கம் வரவைக்கும்." அட்டையை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். ஜெர்மனில் எழுதினால் சொற்களை அப்படியே எடுத்துத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள்.

பத்து அட்டைச் சூழ்நிலைகளின் தலைப்பை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்: மருந்துக் கடை, ரயில் நிலையம், பக்கத்து வீட்டுச் சத்தம், ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது போன்றவை. அட்டையின் உள்ளடக்கம் மட்டும் அன்றைக்கு.

*மூன்று பகுதி வேலை.* எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்காவில் அயல்மொழி ஆசிரியர்களின் அமைப்பான ஆக்ட்ஃபுல் இந்த முறையை வகுத்தது. ஒரே பொருளை வைத்து முதலில் படித்துப் புரிந்துகொள்வது, பிறகு அதைப் பற்றி இன்னொருவருடன் பேசுவது, கடைசியில் எழுதியோ பேசியோ முன்வைப்பது. ஒன்றில் கிடைத்தது அடுத்ததற்குத் தேவைப்படும். நிஜ வாழ்க்கையிலும் நாம் அப்படித்தானே மொழியைப் பயன்படுத்துகிறோம்?

நான் வைப்பது வாடகை வீடு. மூன்று விளம்பரங்கள் கொடுப்பேன். முதல் அறை 320 யூரோ கால்ட்மீடெ, நேபென்கோஸ்டென் 90. மருத்துவமனை நடக்கிற தூரம். இரண்டாவது 380 யூரோ வார்ம்மீடெ, பேருந்தில் 15 நிமிடம், ஆனால் அக்டோபர் 1 முதல்தான் காலி. மூன்றாவது 350 வார்ம்மீடெ, ரயிலில் 40 நிமிடம். கால்ட்மீடெ என்றால் வெறும் வாடகை. சூடேற்றுவது முதலான செலவுகள் (நேபென்கோஸ்டென்) தனி. வார்ம்மீடெயில் அவை சேர்ந்திருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் 320தான் மலிவு என்பார். விளம்பரத்தைப் படித்தவருக்கு அது 410 என்று தெரியும். மூன்றிலும் விலை அதிகமானதே அதுதான். படித்தது புரிந்ததா என்று அறிய இந்த ஒரு இடம் போதும்.

அப்புறம் இருவரும் பேச வேண்டும். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை எடுக்கப்போகும் நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அட்டையில் "400 யூரோவுக்கு மேல் முடியாது, இருக்கும் இடத்தை செப்டம்பர் 15க்குள் காலி செய்ய வேண்டும்." மற்றவர் அட்டையில் "காலை 6 மணி ஷிஃப்டுக்கு மருத்துவமனை போக வேண்டும், தினமும் நீண்ட ரயில் பயணம் முடியாது." எல்லாவற்றுக்கும் பொருந்தும் வீடு அந்த மூன்றில் இல்லை. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். அங்கே காரணம் சொல்லும் "வைல்" என்ற சொல் தானாக வந்து விழும். "வைல் எஸ் ட்சூ வைட் இஸ்ட்", தூரமாக இருப்பதால். அந்த இடத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகும், நம் தமிழ்போலவே. தமிழ் மாணவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இலக்கணத் தாளில் "வைல்" வாக்கியம் பத்து எழுதவைத்த காலத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, வீட்டுக்காரருக்கு 40 சொற்களில் மின்னஞ்சல்: யார், எப்போதிலிருந்து வேண்டும், வீட்டைப் பார்க்க எப்போது வரலாம், முன்பணம் எவ்வளவு. (ஜெர்மன் சட்டப்படி முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத கால்ட்மீடெதான். நம் ஊர் அட்வான்ஸோடு ஒப்பிட்டு மாணவர்கள் அன்று முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும், ஜெர்மனில் பேசினால் சரி.)

*கோப்பு.* போர்ட்ஃபோலியோ என்பார்கள். கவுன்சில் ஆஃப் யூரோப் 2001இல் கொண்டுவந்த மொழிக் கோப்பில் மூன்று பகுதிகள்: எந்த மொழி எந்த நிலையில் தெரியும் என்ற பாஸ்போர்ட், எப்படிக் கற்றேன் என்ற வரலாறு, செய்த வேலைகளின் தொகுப்பு. வகுப்புக்கு அவ்வளவு வேண்டாம். நான் கேட்பது ஐந்தே பொருள்: முதல் வாரம் பதிந்த ஒரு நிமிட ஒலி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, திருத்தி மறுபடி எழுதிய இரண்டு எழுத்துகள். திருத்துவதற்கு முன் இருந்ததும் கூடவே இருக்க வேண்டும்.

தனி ஆள் மேடையில் நின்று ஸ்லைடு போட்டுப் பேசுவதைக் கடைசித் தேர்வாக வைக்க நான் சொல்லமாட்டேன். மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள், கேள்வி கேட்டால் திணறுவார்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் பேச்சுக்குப் பாதி, கேள்விக்குச் சொல்லும் பதிலுக்குப் பாதி என்று மதிப்பெண்ணைப் பிரியுங்கள்.

மூன்றாம் படி: நேரக் கணக்கு

பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள். "24 பேரை எப்படி சார் தனித்தனியாகப் பேசவைப்பது?" சரி, கணக்குப் போடுவோம். 24 பேர் என்றால் 12 ஜோடி. ஜோடிக்கு 10 நிமிடம், நடுவில் மதிப்பெண் குறிக்க 3 நிமிடம். மொத்தம் 156 நிமிடம், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டில் முடிந்துவிடும். 24 விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்த எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்று யோசித்தால், இது அதைவிடக் குறைவு. கடைசி ஜோடி வெளியே போகும்போது உங்கள் வேலையும் முடிந்திருக்கும்.

ஒரு ஜோடி பேசும்போது மற்றவர்கள் பக்கத்து அறையில் படிக்கும் பகுதியையும் எழுதும் பகுதியையும் செய்யட்டும். பேசி முடித்தவர் பேசாதவரோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரே சூழ்நிலைக்கு நான்கு விதமான அட்டை வைத்திருங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், கண்காணிப்பு மிச்சம்.

நான்காம் படி: மதிப்பெண் அட்டவணை

இதை முதல் வகுப்பிலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் கொடுத்தால் பயமுறுத்தும் தாள். முதல் வாரத்தில் கொடுத்தால் வழிகாட்டும் தாள்.

மூன்று பகுதி வேலைக்கு என் பங்கீடு: படிப்பது 20, உரையாடல் 40, எழுதுவது 20, கோப்பு 20. உரையாடலின் 40ஐ இப்படிப் பிரிக்கிறேன். வேலை முடிந்ததா, அதாவது மருந்து கிடைத்ததா, வீடு முடிவானதா என்பதற்கு 15. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்பப் பதில் சொன்னாரா, புரியாதபோது திரும்பக் கேட்டாரா என்பதற்கு 10. அவர் சொல்வது மற்றவருக்குப் புரிகிறதா என்பதற்கு 8. இலக்கணமும் சொல்வளமும் சேர்த்து 7.

இலக்கணத்துக்கு ஏழுதானா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். இலக்கணம் மோசமாக இருந்தால் மற்றவருக்குப் புரியாது, வேலை முடியாது. அந்த 15லும் 8லும் இலக்கணம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இந்த ஏழு, வேலை முடிந்த பிறகு நேர்த்திக்குக் கொடுப்பது. "மிட் டேம் புஸ்" என்பதற்குப் பதில் "மிட் டெர் புஸ்" என்றால் பேருந்தில் போகிறார் என்று புரிகிறதல்லவா? அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்காதீர்கள்.

உச்சரிப்பிலும் அதே அளவுகோல்தான். தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். "பாக்கென்" என்று எழுதினால் அது பெட்டி கட்டுவதா, ரொட்டி சுடுவதா? ஜெர்மனில் முதல் ஒலி மட்டும் வேறு, பொருள் முழுக்க வேறு. இதில் குழம்பினால் எதிரில் இருப்பவருக்கும் குழப்பம், அதனால் கணக்கில் எடுக்க வேண்டும். ஊர் வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கும் மதிப்பெண் குறைக்கக்கூடாது.

திரும்பக் கேட்டால் மதிப்பெண் போகும் என்ற பயம் நம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. பள்ளியில் அப்படிப் பழகியவர்கள். கேட்டால் கூடும் என்று அட்டவணையிலேயே எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். இரண்டு மூன்று தடவை சொன்னால்தான் நம்புவார்கள்.

ஐந்தாம் படி: ஒத்திகை

நடுப்பகுதியில் ஒரு முறை, முடிவுக்கு மூன்று வாரம் முன் ஒரு முறை. பழைய பேட்ச் மாணவர்களிடம் அனுமதி வாங்கிய ஒலிப்பதிவு இருந்தால் வகுப்பில் போட்டுக்காட்டி, மாணவர்களையே அட்டவணைப்படி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பதிவு இல்லையென்றால் நீங்களும் ஒரு மாணவரும் வேண்டுமென்றே சுமாராகப் பேசிக்காட்டலாம். மற்றவருக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தவருக்குத் தன் பேச்சில் எது குறைகிறது என்று தெரிந்துவிடுகிறது.

வாரம் ஒரு பத்து நிமிடச் சொல் தேர்வை மட்டும் நிறுத்தாதீர்கள். சொல் இல்லாமல் உரையாடல் இல்லை. ஜப்பானிய வகுப்பு என்றால் ஹிரகனா, கடகனா எழுத்துகளுக்கும் இப்படியொரு சின்னத் தேர்வு வேண்டும்.

ஆறாம் படி: அந்த நாள்

ஆக்ட்ஃபுல் வாய்மொழி நேர்காணலில் ஒரு ஒழுங்கு உண்டு: இளகவைக்கும் பேச்சு, அவர் நிலைக்கேற்ற கேள்விகள், அதற்கு ஒரு படி மேலே தள்ளிப்பார்ப்பது, பிறகு மறுபடி எளிதான பேச்சில் முடிப்பது. அட்டை உரையாடலிலும் இதையே வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு நிமிடம் பெயர், ஊர், எப்படி வந்தீர்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. கை நடுக்கம் நிற்பதற்கான நேரம். கடைசி நிமிடம் அவர்களால் சுலபமாகச் சொல்லக்கூடிய ஒன்று. தோற்ற உணர்வோடு யாரும் எழுந்து போகக்கூடாது.

நடுவில் நீங்கள் வாய் திறக்காதீர்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். மாணவர் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும்போது எடுத்துக்கொடுக்க நாக்கு துடிக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழுக்குள் வேறு சொல் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் மதிப்பெண்.

ஒருவர் பலமானவராகவும் மற்றவர் தயங்குபவராகவும் இருந்தால் பலமானவரே பேசித் தீர்த்துவிடுவார். அப்போது தயங்குபவரிடம் நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். அப்படியும் தெளிவில்லையென்றால் வேறு ஜோடியோடு இன்னொரு முறை உட்காரவையுங்கள். ஃபோனில் ஒலிப்பதிவு செய்வதாக முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். ஜோடி வெளியே போன உடனே மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். நாலு ஜோடி கழித்து எழுதினால் யார் என்ன சொன்னார் என்பது கலந்துவிடும்.

நியாயம் பற்றி

வாய்மொழித் தேர்வில் ஆசிரியருக்குப் பிடித்தவருக்கு மதிப்பெண் கூடும் என்ற புகார் வரும். நியாயமான கவலைதான். அலட்சியப்படுத்தாதீர்கள். ஆறு பதிவுகளைச் சக ஆசிரியரிடம் கொடுத்து, உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லாமல், அதே அட்டவணையில் போடச் சொல்லுங்கள். 40க்கு நான்கைந்து வித்தியாசம் வந்தால் சேர்ந்து கேட்டுப் பேசுங்கள். முதல் தடவை எனக்கு ஒரே மாணவருக்கு ஒன்பது வித்தியாசம் வந்தது. அவர் முந்தைய பேட்சில் என்னிடம் நன்றாகப் படித்தவர். அந்த நினைவுக்கும் சேர்த்து மார்க் போட்டிருந்தேன்.

வீட்டில் எழுதிக்கொண்டு வருவதற்கு மதிப்பெண் போடாதீர்கள். செயலியே எழுதிக்கொடுத்துவிடும். வகுப்பில் கையால் எழுதட்டும். கோப்பில் உள்ள எழுத்தைப் பற்றி மூன்று நிமிடம் கேளுங்கள்: இந்தச் சொல்லை ஏன் மாற்றினீர்கள், இதை வேறு விதமாகச் சொல்லுங்கள். தானே எழுதியவர் சொல்லிவிடுவார்.

நிர்வாகம் ஒத்துக்கொள்ளுமா?

தனியார் மாலை வகுப்பு என்றால் உங்கள் கையில். கல்லூரியில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சோ ஜெர்மனோ எடுப்பவர்களுக்கு அப்படியில்லை. பல இடங்களில் அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 75ஐ நம்மால் தொட முடியாது. ஆனால் 25 நம்முடையது. அதை இன்னொரு குட்டி எழுத்துத் தேர்வாக வீணடிக்காமல் அட்டை உரையாடலுக்குக் கொடுங்கள்.

"வெளித் தேர்வுக்கு உதவாது" என்று சொன்னால் வெளித் தேர்வையே காட்டுங்கள். கோத்தே நிறுவனத்தின் ஜெர்மன் ஏ1 தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவதோடு பேசுவதும் ஒரு பகுதி. தேர்ச்சிக்கு 100க்கு 60 வேண்டும். பிரெஞ்சின் டெல்ஃப் ஏ1இல் நான்கு திறனுக்கும் சமமாக 25. மொத்தம் 50 எடுத்தாலும் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால் தேர்ச்சி கிடையாது. பேச்சைக் கைவிட்டவர் அங்கேயே விழுந்துவிடுவார். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி இதற்கு நேர்மாறு. பேசும் பகுதியும் இல்லை, எழுதும் பகுதியும் இல்லை. ஆகவே ஜப்பானிய ஆசிரியருக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஜேஎல்பிடி மட்டும் எழுதும் மாணவர் பேசுகிறாரா என்று கேட்கக்கூடிய ஒரே தேர்வு உங்கள் வகுப்பில் நடப்பதுதான்.

முடிந்த பிறகு

மதிப்பெண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி முடித்துவிடாதீர்கள். ஒரு வகுப்பு ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் கோப்பில் உள்ள முதல் வார ஒலியையும் கடைசி வார ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்கக் கொடுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கட்டும். அந்த நர்ஸ் மாணவி ஏ2க்கு வந்தபோது அப்படிக் கேட்டார். முதல் பதிவில் பெயரும் ஊரும் சொல்லிவிட்டு நீண்ட மௌனம். கடைசிப் பதிவில், மருந்துக் கடைக்காரராக இருந்த தோழி வேகமாக ஏதோ சொல்கிறார். ஒரு நொடி அமைதி. அப்புறம் இவர் குரல், கொஞ்சம் சத்தமாகவே: "வீ பிட்டெ?"

உரையாடலில் அவருக்கு நான் போட்டது 40க்கு 29. எழுத்தில் வாங்கிய 91ஐப் பற்றி இருவருமே பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒலிப்பதிவைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.